கையெழுத்து ஃபாண்ட் மக்கர் பண்ணினால் முதலில் எங்கே கை வைப்பது

தர்மபுரியில் டிடிபி வேலை (கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்து அச்சுக்குத் தயாராக்கும் வேலை) பார்ப்பவர்களுக்கு ஆவணியும் தையும் தூக்கமில்லாத மாதங்கள். வரும் கல்யாணப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் மணமக்கள் பெயர் மட்டும் "ஸ்டைலா, கையில எழுதின மாதிரி" இருக்க வேண்டும். பாலக்கோட்டிலிருந்து வந்தவர் யாரோ சொந்தக்காரர் பத்திரிகையைப் போனில் படம் பிடித்து வைத்திருப்பார். "இதே எழுத்துதாண்ணா வேணும்." அந்த எழுத்தைத் தேடிப் போடக் கால் மணி நேரம் போதும். அது சொன்னபடி கேட்காதபோதுதான் ராத்திரி பதினொன்று ஆகிறது.

இது எங்கள் கடையில் புதிதாகச் சேரும் பையன்களுக்காகச் சுவரில் ஒட்டி வைத்த தாள். கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். திரையில் அல்லது அச்சில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில். ஒன்று மட்டும்: எடுத்த எடுப்பில் ஃபாண்டை (எழுத்துருவை) மாற்றாதீர்கள். பெரும்பாலும் தப்பு ஃபாண்ட் மேல் இருக்காது.

எழுத்துக்குப் பதில் கட்டம் வருகிறது, அல்லது ஆங்கிலக் குப்பை வருகிறது

இரண்டும் ஒரே நோய் இல்லை. பிரித்துப் பாருங்கள்.

கட்டம் கட்டமாக வந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபாண்டில் தமிழ் எழுத்தே இல்லை. பிரஷ் ஸ்கிரிப்ட், மிஸ்ட்ரல், எட்வர்டியன் ஸ்கிரிப்ட் எல்லாம் தமிழுக்காக வரைந்தவை அல்ல. "இதே ஸ்டைல்ல தமிழ்ல போடு தம்பி" என்று கேட்பவரிடம் அதே ஃபாண்டில் வராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மென்பொருள்கள் கட்டம்கூடக் காட்டாது. சத்தமில்லாமல் விண்டோஸின் தமிழ் ஃபாண்டான நிர்மலாவையோ லதாவையோ போட்டுவிடும். தமிழ் வருகிறது, ஸ்டைல் வரவில்லை என்றால் இதுதான் நடந்திருக்கிறது.

ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால், மேட்டர் (அடித்த வாசகம்) பழைய குறிமுறையில் (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறையில்) இருக்கிறது, ஃபாண்ட் இன்று எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருவது எல்லாம் யூனிகோடு. கடையில் பழைய சிடியிலிருந்து ஏற்றிய ஸ்டைல் ஃபாண்ட்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தின் அறைகளில் தமிழை உட்கார வைத்தவை. அதனால் நேர் எதிராகவும் நடக்கும்: யூனிகோடு மேட்டரைப் பழைய ஃபாண்டில் போட்டால் ஒன்றுமே மாறாது, இல்லாவிட்டால் கட்டம்.

எந்தப் பழைய குறிமுறை என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி. புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி நின்றால் அது பாமினி என்ற பழைய ஃபாண்டின் வகை. அப்படி இல்லாமல் கொம்பு வைத்த ஆங்கில எழுத்துகளும் பவுண்டு குறியும் கலந்து வந்தால் டாம், டாப், டிஸ்கி என்ற மற்றப் பழைய குறிமுறைகளை ஒவ்வொன்றாக மாற்றியில் (குறிமுறையை மாற்றித் தரும் மென்பொருளில்) போட்டுப் பாருங்கள். 1999-இல் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக்கியது, 2010-இல் யூனிகோடுக்கு மாறியது. நடுவில் வந்த ஃபாண்ட்கள் எங்கள் கம்ப்யூட்டரில் இன்னும் குடியிருக்கின்றன.

மாற்றியில் போடும் முன் செல் நம்பர், மெயில், ஆங்கில இனிஷியல் எல்லாவற்றையும் தனியே வெட்டி வையுங்கள். இல்லாவிட்டால் அவற்றையும் தமிழாக்கித் தரும். ஆங்கிலத்தில் இருந்த படிப்புப் பட்டத்தை அர்த்தமில்லாத தமிழாக அச்சடித்துக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

மாற்றிய பிறகு பார்க்க வேண்டிய எழுத்து ஔகாரம். "கௌசல்யா" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபாண்ட்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ள என்ற எழுத்துக்கும் ஒரே விசைதான். அதனால் மாற்றி சில நேரம் கெ-யும் ள-வுமாக இரண்டு எழுத்தாகப் பிரித்துக் கொடுத்துவிடும். சாதாரண ஃபாண்டில் கண்ணுக்குத் தெரியாது. சாய்வான கையெழுத்து ஃபாண்டில் போட்டதும் அந்த ள-வின் வால் நீண்டு அடுத்த ச-வை இடிக்கும், நீங்கள் ஃபாண்டைத் திட்டுவீர்கள். சோதனை எளிது. அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு முறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். க மட்டும் மிஞ்சினால் சரி. கெ மிஞ்சினால் பிழை, கையால் அடித்துத் திருத்துங்கள். காலுக்கு (ா) பதில் ர அடித்திருக்கும் பழைய மேட்டர்களிலும் இதே கதைதான். நேர் எழுத்தில் ஒளிந்துகொள்ளும், ஸ்டைல் எழுத்தில் ர-வின் கீழ்க்கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: கோயில் மலர் மாதிரி நூறு பக்க மேட்டர் என்றால் மாற்றியோடு மல்லுக்கட்டாமல் டைப் அடிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். டாங்கிள் (பூட்டு மாதிரி கம்ப்யூட்டரில் செருகும் சிறு கருவி) செருகினால் மட்டுமே வேலை செய்யும் பழைய ஃபாண்ட் தொகுப்பு புது விண்டோஸில் அடம் பிடித்தால் அதை விற்றவரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஸ்ரீ மட்டும் உடைகிறது

பத்திரிகையின் முதல் எழுத்தே இதுதான் என்பதால் தனித் தலைப்பு. ஸ்ரீ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம்: ஸ-வில் தொடங்கி ஒன்று, ஶ-வில் தொடங்கி ஒன்று. ஶ யூனிகோடில் சேர்ந்தது 2005-இல். சில ஃபாண்ட்கள் ஒன்றைத்தான் கூட்டெழுத்தாகச் சேர்க்கும், மற்றதை ஸ், ரீ என்று பிரித்துக் கடாசிவிடும். போனில் சில விசைப்பலகைகள் ஒரு விதம், கடைக் கம்ப்யூட்டர் வேறு விதம். உடைந்தால் அதை அழித்துவிட்டு மற்ற விதத்தில் அடித்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அந்த ஓர் எழுத்தை மட்டும் வேறு ஃபாண்டில் போட்டு, சாய்வையும் தடிமனையும் கண்ணளவில் சரிசெய்யுங்கள்.

கொம்பு இடம் மாறி நிற்கிறது, புள்ளி வட்டம் தெரிகிறது

"கொ" அடித்தால் க முதலிலும் கொம்பும் காலும் பின்னாலும் நிற்கும். சில நேரம் புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று முளைக்கும்.

முதலில் மேட்டரைப் பாருங்கள். புள்ளி வட்டம் ஒரே ஓர் இடத்தில் என்றால் அங்கே உயிர்க்குறியை இரண்டு முறை அடித்திருக்கிறார்கள், அல்லது எழுத்துக்கும் குறிக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறது. அழித்து அடித்தால் முடிந்தது. பிடிஎஃப்பிலிருந்து காப்பி அடித்த மேட்டரில் இது சகஜம்.

எல்லாக் கொம்பும் இடம் மாறியிருந்தால் மென்பொருளின் எழுத்து எஞ்சின் தமிழுக்குத் தயாராக இல்லை. போட்டோஷாப்பில் பிரிஃபரன்ஸில் டைப் என்ற பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிக்கான எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, மூடித் திறந்து, புது ஃபைலில் அடியுங்கள். பழைய ஃபைலிலேயே பார்த்துவிட்டு "மாறலையே" என்று சொல்லாதீர்கள். புதிய பதிப்புகளில் பத்தி மெனுவில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்று இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழித் தேர்வுகளைக் காட்டு என்பதை டிக் செய்தபின் பத்தி மெனுவில் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர். கோரல்டிராவில் எக்ஸ்6-க்கு முந்தைய பதிப்பு என்றால் எந்த மெனுவிலும் விடை இல்லை. பேஜ்மேக்கரும் அப்படியே. யூனிகோடு அதற்குத் தெரியாது.

பழைய பதிப்பை வைத்துக்கொண்டே சமாளிக்க வேண்டுமா? மேட்டரைப் பழைய குறிமுறைக்கு மாற்றி, பழைய ஃபாண்டைப் போடுங்கள். அவமானமில்லை. கம்பைநல்லூர், அரூர் பக்கம் பாதிக் கடைகள் இப்படித்தான் ஓடுகின்றன. புது மென்பொருள் வாங்குவது கடைசிப் படி.

ஆங்கில எழுத்துகள் கைகோக்காமல் தனித்தனியாக நிற்கின்றன

கையெழுத்து ஃபாண்டின் அழகே ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலையில் போய் முடிவதுதான். ரோஜர் எக்ஸ்கோஃபான் 1953-இல் தன் கையெழுத்தை வைத்து மிஸ்ட்ரலைச் செய்தபோது அந்த இணைப்பு ஒவ்வொன்றையும் ஒரே உயரத்தில் சந்திக்கிற மாதிரி வரைந்து வைத்தார். அந்த உழைப்பை நாம் ஒரே நகர்த்தலில் கெடுத்துவிடுகிறோம்.

கெடுக்கும் இடங்கள், அடிக்கடி பார்க்கும் வரிசையில். எழுத்து இடைவெளி: டிராக்கிங் பூஜ்யத்தில் இருக்கிறதா பாருங்கள். பெயர் அகலம் போதவில்லை என்று இழுத்திருப்பீர்கள். இடைவெளியைக் கூட்டாமல் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். அடுத்தது முழு ஜஸ்டிஃபை: வரியின் இரு முனையையும் தொட எழுத்தைப் பிரித்துவிடும், நடுவரிசைக்கு மாற்றுங்கள். மூன்றாவது கெர்னிங் (இரண்டு எழுத்துக்கு நடுவே உள்ள இடைவெளி): அடோபி மென்பொருளில் ஆப்டிகல் என்று இருந்தால் அது தன் கண்ணுக்குச் சரியான இடைவெளி போடும், இணைப்பைப் பற்றிக் கவலைப்படாது. மெட்ரிக்ஸுக்கு மாற்றுங்கள். நான்காவது, லிகேச்சரும் (கூட்டெழுத்து) சூழல் மாற்று எழுத்தும் (பக்கத்து எழுத்துக்கேற்ப வடிவம் மாறுவது) அணைந்திருப்பது. ஓப்பன்டைப் மெனுவில் போடுங்கள்.

இத்தனையும் சரி, இன்னும் ஒட்டவில்லை என்றால் எல்லாம் பெரிய எழுத்தில் அடித்திருக்கிறீர்கள். கையெழுத்து ஃபாண்டின் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்வதற்காக வரைந்தவை அல்ல, சொல்லின் தலையில் ஒன்று நிற்கத்தான். இதை வாடிக்கையாளரிடம் சொன்னால், "பேரு பெருசா தெரியணும்ணா" என்பார். முதலெழுத்தை மட்டும் பெரிதாக வைத்து இரண்டையும் பக்கத்தில் பிரிண்ட் எடுத்துக் காட்டுங்கள். வாயால் விளக்கி ஜெயித்ததே இல்லை.

தமிழ் ஃபாண்டில் ஒட்டவில்லை என்று தேடாதீர்கள். தமிழில் கையெழுத்து ஃபாண்ட் என்பது சாய்வு, பிரஷ் அழுத்தம், சுழியின் நெகிழ்வு. எழுத்துகள் தனித்தனியாகவே நிற்கும். கூகிளில் இலவசமாகக் கிடைக்கும் கவிவாணர் ஃபாண்டைப் போட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ரேடியம் வெட்டினால் எழுத்துக்கு உள்ளேயும் கோடு விழுகிறது

வண்டி நம்பர் பிளேட்டுக்கு மேலே பெயர், லாரிக் கண்ணாடியில் "அம்மா ஆசி", எருது விடும் விழாக் கொடி. ரேடியம் ஸ்டிக்கரைக் கத்தியால் வெட்டும் இந்த வேலைகளில்தான் இது வரும். திரையில் முழு எழுத்தாகத் தெரிந்தது, பிளாட்டரில் (வெட்டும் மெஷினில்) போட்டால் இரண்டு எழுத்து சேருமிடத்தில் கத்தி குறுக்கே ஓடுகிறது.

காரணம் ஒன்றே. ஃபாண்டில் எழுத்துகள் தொட்டுக்கொண்டு இல்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. திரை நிரப்பிக் காட்டும். கத்திக்கு நிரப்பு கிடையாது, வெளிக்கோடு மட்டும்தான். அதனால் கர்வ் போட்டபின் (எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக்கியபின்) வெல்டு செய்யுங்கள், எல்லாம் ஒரே வடிவமாக ஒட்டிக்கொள்ளும். கோரலில் ஷேப்பிங்கில் வெல்டு, இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டரில் யுனைட்.

இங்கே பையன்கள் செய்யும் தப்பு: வெல்டுக்குப் பதில் கம்பைன். கோரலில் கன்ட்ரோல்-எல் கைக்குப் பழகிய விசை, அழுத்திவிடுவார்கள். கம்பைன் செய்தால் ஏறியிருக்கும் இடம் ஓட்டையாகிவிடும். பிளெக்ஸில் பெயருக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் தெரிவதும் இதனால்தான். உடனே பயந்து பிரேக் அபார்ட் அடித்தால் அ-வின் சுழி, ஒ-வின் வயிறு எல்லாம் அடைந்துபோகும். அன்டு போட்டுத் திரும்பி, முதலிலிருந்து கர்வ், வெல்டு. அனுப்பும் முன் நிரப்பை எடுத்துவிட்டு வெறும் கோடாகப் பாருங்கள். கத்தி பார்ப்பது அதைத்தான்.

போட்டோஷாப்பில் எழுத்தை ஷேப்பாக மாற்ற மறுத்தால், ஃபாக்ஸ் போல்டு (செயற்கையாகத் தடிப்பாக்குவது) போட்டிருக்கிறதா பாருங்கள். எடுத்துவிட்டால் மாற்றும்.

வால் பகுதி மட்டும் உரியும்போது பிய்ந்து வந்தால் ஃபாண்ட் ரேடியத்துக்கு ஆகாதது. தடித்த பிரஷ் வகைக்கு மாறுங்கள், கத்தி மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். புதுக் கத்தியிலும் மூலை கிழிந்தால் பிளாட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடும் நேரம்.

மெல்லிய கோடு அச்சில் காணாமல் போகிறது

திரையில் மயிரிழையாக அழகாக ஓடிய கோடு கார்டில் பாதி இல்லை. முதலில் லேசர் பிரிண்ட் ஒன்று அசல் அளவில் எடுங்கள். நூறு சதவீதம், "ஃபிட் டு பேஜ்" இல்லாமல். அதிலேயே கோடு உடைந்தால் அச்சகத்தின் மேல் பழி போடாதீர்கள்.

அளவைக் கூட்டுங்கள். கூட்ட இடமில்லை என்றால் அதே நிறத்தில் கால் பாயிண்ட் வெளிக்கோடு கொடுத்து எழுத்தைத் தடிக்க வையுங்கள். ஸ்கிரீன் பிரிண்டுக்கு மெல்லிய இடம் அரைப் பாயிண்ட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வேன். கருப்பின் மேல் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் தடிமன் வேண்டும். மை உள்ளே பரவி எழுத்தைத் தின்னும்.

நிறத்தையும் பாருங்கள். மல்டிகலரில் தங்க நிறம் என்று மஞ்சளும் சிவப்பும் கலந்து போட்டால் அது புள்ளிப் புள்ளியாகத்தான் அச்சாகும், மெல்லிய கோட்டின் ஓரம் ரம்பம் மாதிரி வரும். பெயருக்கு முழு ஒற்றை நிறம், இல்லாவிட்டால் நிஜமான தங்க மை, ஃபாயில். கருப்பு எழுத்தை நான்கு நிறத்திலும் பிரிக்காமல் கருப்பு மட்டும் நூறாக வையுங்கள். ஒரு நிறத்தின் அச்சுத் தகடு நூலிழை நகர்ந்தாலும் நிழல் அடிக்கும்.

இவ்வளவும் செய்து ஸ்கிரீனில் கோடு விழவில்லை என்றால் ஸ்கிரீன் வலைத்துணியின் (மெஷ்) நெருக்கம் போதவில்லை. அது ஸ்கிரீன் போடுபவர் வேலை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தீராது.

படிக்க முடியவில்லை என்று திருப்பிக் கொண்டு வருகிறார்கள்

என் அபிப்பிராயம் இதில் கறார். கையெழுத்து ஃபாண்ட் பெயருக்கு மட்டும். தேதி, நேரம், மண்டபம், செல் நம்பர் எல்லாம் நேர் எழுத்தில். தாய்மாமன் வரிசையாக நாற்பது பேரைச் சாய்வெழுத்தில் போட்டால் தன் பெயர் எங்கே என்று தேடிவிட்டு, விட்டுப்போச்சு என்று சண்டைக்கு வருவார்கள்.

பெயரிலேயே தடுமாறினால் மூன்று இடம் பாருங்கள். புள்ளி: பிரஷ் ஃபாண்டில் அது சிறு கீற்றாக இருக்கும், பின்னால் பூ டிசைன் இருந்தால் அதில் மறைந்துவிடும். காதணி விழா பிளெக்ஸ் ஒன்றில் "செல்வன்" என்பதன் முதல் புள்ளி மாவிலையில் புதைந்து "செலவன்" ஆகி, சுற்றி நின்ற மாமன்மார் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது ண, ன: சுழி எத்தனை என்று சாய்வில் தெரியாது, "பென்னாகரம்" என்று சரியாக அடித்தாலும் பெண்ணாகரமாகத் தெரியும். மூன்றாவது எ, ஏ. வீட்டில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவரிடம் கை நீட்டிப் பிடித்துக் காட்டுங்கள். ஒரே மூச்சில் படித்தால் அச்சுக்கு விடலாம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பத்திரிகைகளில் தமிழ், ஆங்கிலத்தோடு தெலுங்கோ கன்னடமோ சேர்ந்து வரும். மூன்றுக்கும் ஒரே ஸ்டைல் தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள். தமிழும் தெலுங்கும் அல்லது கன்னடமும் நேரெழுத்தாகப் போட்டு, ஆங்கிலப் பெயர் ஒன்றை மட்டும் கையெழுத்தில் விட்டால் போதும்.

என் கம்ப்யூட்டரில் சரி, பிளெக்ஸ் கடையில் மாறிவிட்டது

அங்கே அந்த ஃபாண்ட் இல்லை. கோரலில் கன்ட்ரோல்-க்யூ அடித்துக் கர்வாக்கி அனுப்புங்கள். ஆனால் கர்வாக்காத ஃபைலை வேறு பெயரில் பத்திரப்படுத்திவிட்டு. முகூர்த்த நேரம் மாறியது என்று மறுநாள் போன் வராமல் இருக்காது. பிடிஎஃப் அனுப்பினால் ப்ராப்பர்ட்டீஸில் ஃபாண்ட்ஸ் பகுதியில் எம்பெடட் (ஃபாண்ட் ஃபைலுக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது) என்று இருக்கிறதா பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாகுமென்ட்டாக அனுப்புங்கள்.

ரூபாய்க் குறி மட்டும் கட்டமாக வருகிறது

உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை அரசு ஏற்றது 2010 ஜூலையில், யூனிகோடில் சேர்ந்தது அதே ஆண்டு அக்டோபரில். அதற்கு முன் செய்த ஸ்டைல் ஃபாண்டில் அது இருக்க வழியில்லை. மொய் நோட்டு அட்டையானாலும் கடைத் திறப்பு நோட்டீஸானாலும், அந்தக் குறியை வேறு ஃபாண்டில் போடுங்கள், அல்லது ரூ. என்று அடியுங்கள்.

லேபிள் அச்சான பிறகு ஃபாண்ட்காரர் காசு கேட்கிறார்

இணையத்தில் இறக்கிய ஃபாண்டோடு வந்த குறிப்புத் தாளைத் திறந்து பாருங்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று இருந்தால், கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் டின்னில் அதைப் போட்டது சொந்த உபயோகம் ஆகாது. ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் என்று இருந்தால் வியாபாரத்துக்கும் லோகோவுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஃபாண்டை மட்டும் தனியே விற்கக் கூடாது. பிராண்டு பதிவு செய்யப் போகிறார் என்றால் லைசென்ஸ் வாங்கச் சொல்லுங்கள், தகராறு கிளம்பிவிட்டால் வக்கீலிடம் அனுப்புங்கள்.

படத்தில் இருக்கும் எழுத்து எந்த ஃபாண்டிலும் கிடைக்கவில்லை

தேடுவதற்கு முன் ஒரு சோதனை. அந்தப் படத்தில் ஒரே எழுத்து இரண்டு முறை வரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு க-வும் அச்சு அசலாக ஒன்றே என்றால் ஃபாண்ட்தான், தேடலாம். ஒன்றின் வால் கீழே போய், மற்றது மேலே சுருண்டிருந்தால் மாற்று எழுத்து உள்ள ஃபாண்டாக இருக்கலாம். மூன்று இடத்தில் மூன்று விதம் என்றால் யாரோ கையால் எழுதியது. ஆயிரம் ஃபாண்ட் புரட்டினாலும் அகப்படாது.

அப்போது போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட்டைத்தான் கூப்பிட வேண்டும். பிளெக்ஸ் வந்தபின் பலர் பெயிண்டைக் கீழே வைத்துவிட்டார்கள், கை மறக்கவில்லை. வழவழப்பான வெள்ளைத் தாள், கருப்பு மை, தட்டைப் பிரஷ் கொடுங்கள். பென்சில் கோடு போட விடாதீர்கள், ஸ்கேனில் அதுவும் வரும். ஒரே பெயரை மூன்று நான்கு தடவை எழுதி வாங்குங்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, டிரேஸ் போட்டு (படத்தைக் கோட்டு வடிவமாக்கி), ஒன்றின் முதலெழுத்தையும் இன்னொன்றின் கடைசிச் சுழியையும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தபின் வெல்டு செய்ய மறக்காதீர்கள்.